சமையற்கட்டுச் சுவரில் ஒரு ஆம்பியர் மீட்டர்

அறுபதுகளின் நடுவில், திருப்பூர் நல்லூரில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது தீபாவளி வரப்போகிற சமயம். எங்கள் வீட்டுக்கும் எங்கள் பனியன் கம்பெனிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான் இருந்தது.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓடு வேய்ந்த நீளமான ஒரு கொட்டகை, உள்ளே வரிசையாக நிட்டிங் மிஷின்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மோட்டார். கூரைக்குக் கீழே நீளமாக ஓடும் ஒரு இரும்புத் தண்டை அந்த மோட்டார் சுற்றும். அதை ஷாப்ட் என்பார்கள். ஷாப்டிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பெல்ட் இறங்கும். பெல்ட்டைத் தள்ளி மாட்டினால் அந்த மிஷின் ஓடும், விலக்கிவிட்டால் நிற்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது.

என் வீட்டுக்காரர் விடிந்தும் விடியாமலும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். சாப்பாட்டுக்கு வருவார், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், "செரி" என்பார், போய்விடுவார். ராத்திரி வரும்போது தலை, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சாக இருக்கும். குளித்துவிட்டுப் படுத்தால் அடுத்த நிமிஷம் குறட்டை. கெட்ட மனுஷன் என்று சொல்ல வரவில்லை. என்னை ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. என் குறையே அதுதான். கோபம் வந்தாலாவது நாலு வார்த்தை பேசியிருப்பார் அல்லவா?

நானோ பிறந்த ஊரான மடத்துக்குளத்தில் வாயாடி என்று பெயர் வாங்கியவள். வெளியூரில் வேலை பார்க்கிற புருஷனுக்காக ஏங்குகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காவது கடிதாசி எழுதலாம். ஒரு சுவர் தூரத்தில் இருக்கிறவருக்காக ஏங்கினால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நாள் இந்தப் பக்கம் வந்து, சமையற்கட்டில் உட்கார்ந்து, என்னிடம் ஏதாவது பேசிவிட்டுப் போக மாட்டாரா என்று இருக்கும். அதற்கு மேல் நான் ஒன்றும் ஆசைப்படவில்லை.

கொட்டகைக்குள் நான் போகவும் கூடாது. எனக்கு அவர் போட்ட ஒரே சட்டம் அது. "சேலை பெல்ட்டுல மாட்டுனா ஆளையே இழுத்துப் போடும். வாசப்படியத் தாண்டாத" என்று கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டார். ஆக, அவர் இங்கே வந்து உட்காரமாட்டார், நான் அங்கே போகக்கூடாது.

அப்படித்தான் எனக்குச் சமையற்கட்டு பல்போடு சிநேகிதம் உண்டானது. அந்தச் சமையற்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் ஒரு குண்டு பல்பு எரிய வேண்டும். அதற்குக் கரண்ட் கம்பெனி போர்டிலிருந்துதான் வந்தது. காலையில் மோட்டாரைப் போட்டதும் பல்பு ஒரு முறை நன்றாக மங்கித் தெளியும். பிறகு ஒவ்வொரு மிஷினுக்கும் பெல்ட் மாட்ட மாட்ட, துளித் துளியாக மங்கும். ஒரு மிஷினை நிறுத்தினால் அந்தத் துளி வெளிச்சம் திரும்பி வரும். அடுப்பில் சோறு கொதிக்க, நான் அண்ணாந்து பல்பைப் பார்த்தபடி, "இதோ ஒண்ணு ஓட ஆரம்பிச்சாச்சு, இதோ இன்னொண்ணு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன். யாராவது பார்த்திருந்தால் மடத்துக்குளத்துக்குத் தந்தி அடித்திருப்பார்கள்.

பழகப் பழக இன்னும் கொஞ்சம் தெரிந்தது. மூலையில் ஒரு பழைய மிஷின் இருந்தது. அதை மாட்டினால் பல்பு மற்றதைவிடக் கூடுதலாக மங்கும். இன்னொன்றும் தெரிந்தது. மிஷின்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மேஸ்திரி இருந்தார். என் வீட்டுக்காரரைவிட வயதில் மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் பெல்ட்டை ஒரே தள்ளாகத் தள்ளுவார், பல்பு வெடுக்கென்று மங்கும். என் வீட்டுக்காரர் மெல்ல, தடவிக் கொடுக்கிற மாதிரி தள்ளுவார், வெளிச்சமும் மெல்ல இறங்கும். அப்படி மெல்ல இறங்கினால், இப்போது அவர் எந்த மிஷின் பக்கத்தில் நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகாது. ஆனாலும் அந்த நேரத்தில் மனசு கொஞ்சம் நிறைந்த மாதிரி இருக்கும்.

தீபாவளிச் சரக்கு அனுப்புகிற சீசன் வந்தது. எல்லா மிஷினும் ஓடின. அப்போது பல்பு ஒரு புது வேலை செய்ய ஆரம்பித்தது. மிஷின் ஒன்றும் புதிதாகச் சேராமலே, மத்தியானத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போகும். சாயங்காலம் ஆனால் அரிசியில் கல் தெரியாத அளவுக்கு வந்துவிடும். மறுநாள் காலையில் பழையபடி நன்றாக எரியும். மத்தியானம் ஆனதும் மறுபடியும் இறங்கும். நாளுக்கு நாள் இறக்கம் கூடிக்கொண்டு வந்தது.

சாப்பாடு போடும்போது அவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, மோட்டாரு எதையோ கூடுதலா இழுக்குதுங்க. லைட்டு இறங்கிட்டே போகுது."

"சீசன்ல எல்லாரும் ஓட்டறாங்க. கரண்டு கம்மியா வருது" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

எனக்கு அது சமாதானமாக இல்லை. அன்று சாயங்காலம் புளி கேட்கிற சாக்கில் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீட்டில் மிஷின் கிடையாது. அங்கே பல்பு ஜோராக எரிந்தது. வரும் வழியில் எதிர் வீட்டையும் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் நன்றாகத்தான் எரிந்தது. தெருவுக்கு வருகிற கரண்ட்டில் குறையில்லை, இழுக்கிறது எங்கள் கொட்டகைதான் என்று ஆகிவிட்டது. புளி எங்கள் வீட்டிலேயே ஒரு பானை இருந்தது.

மறுபடியும் சொன்னேன். இந்த முறை சிரித்துவிட்டார். "ராத்திரி நிறுத்திக் காலைல எடுத்தா செரியாப் போயிருது. அப்பறம் என்ன? அடுப்புக்கிட்ட உக்காந்துட்டு மோட்டாரு பாக்கறியாக்கும்" என்றார். கல்யாணமாகி அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியதிலேயே அதுதான் நீளம். சந்தோஷப்படுவதா எரிச்சல்படுவதா என்று தெரியாமல் ரசத்தை ஊற்றினேன்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரம். பல்பின் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது, வெளிச்சமே இல்லை. அப்படி நான் பார்த்ததே இல்லை. கொட்டகை முழுக்கப் பஞ்சு, நூல், கட்டி வைத்த தீபாவளித் துணி மூட்டைகள். அவர் நாள் முழுக்க நிற்கிறது அதன் நடுவில்தான். ஏதாவது ஆகிவிட்டால் சரக்கு போகும், வீடு போகும். அதெல்லாம் பிறகுதான் தோன்றியது. முதலில் அவர் முகம்தான் வந்தது.

கொட்டகை வாசற்படிக்கு ஓடினேன். உள்ளே பார்த்தால் அவரைக் காணவில்லை. தெருப்பக்கம் நூல் வியாபாரி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. மேஸ்திரி அண்ணன் முன்பக்க மிஷின் ஒன்றில் குனிந்து ஊசி மாற்றிக்கொண்டிருந்தார். கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சேலையைத் தூக்கி இடுப்பில் இறுக்கிச் செருகினேன். பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டேன். சட்டத்தை மீறி, வலது காலா இடது காலா என்றுகூடப் பார்க்காமல் உள்ளே போனேன்.

இரண்டு பக்கமும் பெல்ட்டுகள் சர் சர்ரென்று ஓடுகின்றன. உடம்பை ஒடுக்கிக்கொண்டு, அண்ணாந்து ஷாப்டையே பார்த்துக்கொண்டு நடந்தேன். எங்கள் சமையற்கட்டுச் சுவரை ஒட்டிய கடைக்கோடியில், ஷாப்டைத் தாங்குகிற பேரிங் இருக்கிற இடத்தில் பஞ்சு அடை அடையாகத் தொங்கியது. அதன் ஓரம் சிவந்து கனிந்துகொண்டிருந்தது. புகை மெல்லிசாக ஓட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நேர் கீழே துணி மூட்டைகள்.

மெயின் சுவிட்ச் வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்தது. ராத்திரி வேலை முடிந்ததும் அவர் அதன் பிடியைக் கீழே இழுப்பதைத் தினமும் வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறேன். திரும்பி ஓடி வந்து, இரண்டு கையாலும் தொங்கி இழுத்தேன். மிஷின்கள் ஒவ்வொன்றாக முனகி நின்றன. விளக்கெல்லாம் அணைந்தது. ஆள் நடமாட்டம் உள்ள கொட்டகையில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"எவன்டா மெயின இழுத்தது?" என்று தெருப்பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது. பின்னாலேயே அவரும் ஓடி வந்தார்.

"நானுங்க" என்றேன். கையைத் தூக்கிக் கடைக்கோடியைக் காட்டினேன். இருட்டில் அந்தச் சிவப்பு நன்றாகத் தெரிந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஏணி போட்டு மேஸ்திரி அண்ணன் ஏறினார். என் வீட்டுக்காரர் மூட்டைகளைக் கையாலும் காலாலும் தள்ளினார். ஈரச் சாக்கும் மணலும் போய்ச் சேர்ந்தன. ஒரு மூட்டையின் மேல் துணி மட்டும் கருகியது. எண்ணெய் விடுகிற துவாரத்தைப் பஞ்சு அடைத்துக்கொண்டு, பேரிங் காய்ந்து, நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு வந்திருக்கிறது. அதைச் சுற்றுவதற்காக மோட்டார் நாளுக்கு நாள் கூடுதலாக இழுத்திருக்கிறது. ராத்திரி நிறுத்தினால் சூடு ஆறிச் சற்று இளகும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏணியிலிருந்து இறங்கிய மேஸ்திரி அண்ணன், "இன்னும் சித்த நேரம் போயிருந்தா ஊடும் சேந்து போயிருக்குமுங்க" என்றார். நான் நைசாக இந்தப் பக்கம் வந்து, இருட்டில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

அவர் வந்தார். சட்டையெல்லாம் கரி. அடுப்பு வெளிச்சத்தில் என் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"லைட்டு சொல்லுச்சுங்க" என்றேன். அதற்குப் பிறகு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பேரிங் சரி செய்தார்கள். மோட்டாரைப் போட்டதும் அவர் நேராகச் சமையற்கட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கம் மேஸ்திரி அண்ணன் தம் இஷ்டத்துக்கு ஒவ்வொரு பெல்ட்டாக மாட்ட வேண்டும், நான் பல்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நானும் காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னேன். "ஒண்ணு சேந்துச்சுங்க. இன்னொண்ணு. இது மூல மிஷினு." அவர் எழுந்து வாசற்படிக்கு ஓடிப் பார்ப்பார், திரும்பி வருவார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தது அவர் முகம்.

"எல்லாமே அண்ணன் கையிங்க. நீங்க மாட்டுனா இப்பிடி வெடுக்குனு இறங்காது, மெல்ல இறங்கும்" என்றேன், காப்பியை நீட்டியபடி.

அவர் காப்பியை வாங்கவில்லை. என்னையே பார்த்தார். "என்ற கையக்கூடவா பாத்துட்டு இருந்த, அம்மிணி?" என்றார்.

அவர் என்னை அம்மிணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அதற்கு முன்பெல்லாம் நான் "இங்க பாரு"தான். எனக்கு வாய் திறக்கவில்லை. மடத்துக்குளத்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த வாரம் அவர் கோயமுத்தூர் போய் ஒரு ஆம்பியர் மீட்டர் வாங்கி வந்தார். மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று முள் காட்டும். சுவரில் துளை போட்டு ஒயரை இழுத்து, அதை எங்கள் சமையற்கட்டில், அடுப்புக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார். மாட்ட வந்தவர் தலையைச் சொறிந்தார். "கம்பெனில மாட்டறதப் போயி ஊட்டுக்குள்ள மாட்டச் சொல்றீங்களே?" என்று கேட்டார்.

"பாக்கற ஆளு இங்கதான இருக்குது" என்றார் இவர்.

மாட்டி முடிந்ததும் எல்லா மிஷினையும் ஓடவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். "உன்ற சாந்து கொண்டா" என்றார். தீக்குச்சியால் தொட்டு, முள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தார். "முள்ளு இதத் தொட்டா வாசப்படிக்கு வந்து கையக் காட்டோணும்." தெருவே சிரித்தது. மீட்டருக்குப் பொட்டு வைத்த கம்பெனி என்று கொஞ்ச நாள் எங்களுக்குப் பெயரே ஆகிவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் முள் மெல்ல இறங்கி ஏறியது. திரும்பவும் மெல்ல இறங்கி ஏறியது. பதறிப்போய் வாசற்படிக்கு ஓடினால், இவர் மூலை மிஷின் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். சத்தத்தில் பேச முடியாது. கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். பசிக்கிறதாம்!

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முள் இரண்டு முறை தலையாட்டினால் தோசைக்கல்லை அடுப்பில் போட வேண்டும். கை கால் கழுவி அவர் வரும்போது முதல் தோசை தட்டில் இருக்கும். மேஸ்திரி அண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து சாப்பிடுவார், பேசுவார். பெரும்பாலும் ஊசி உடைந்தது, நூல் அறுந்தது என்கிற பேச்சுதான். எனக்கு அதில் பாதி புரியாது. இன்னொரு தோசை போடட்டுங்களா என்று கேட்டுக் கேட்டுப் பேச்சை நீட்டிக்கொள்வேன். ஒரு தடவை புதிதாக வந்த ஆள் பெல்ட்டை மாட்டத் தெரியாமல் தள்ளித் தள்ளி எடுத்திருக்கிறான். முள் வெடுக்கு வெடுக்கென்று ஆடியது. அவர் கை இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆசை கேட்கவில்லை. சுட்டு வைத்த தோசையெல்லாம் ஆறிப்போய், நானே தின்றேன்.

இந்த விஷயத்தை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

எழுபதுகளின் நடுவில் அவருக்குக் காமாலை வந்தது. நாட்டு மருந்து கொடுத்தோம், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். திரும்பக் கொண்டு வந்தபோது அவர் இல்லை. எங்கள் மகன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

கருமாதி வரைக்கும் மோட்டாரை ஓட்டவில்லை. முள் பூஜ்ஜியத்தில் கிடந்தது. கொட்டகையில் எதுவும் ஓடாததால் சமையற்கட்டு பல்பு காலையிலிருந்து ராத்திரி வரை முழு வெளிச்சத்தோடு எரிந்தது. இத்தனை வருஷத்தில் அது அத்தனை நேரம் மங்காமல் எரிந்து நான் பார்த்ததில்லை. அந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை. அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் மேஸ்திரி அண்ணன் வாசலில் வந்து நின்றார். "மோட்டார ஓட்டட்டுங்களா, தாயி?" என்றார். "ஓட்டுங்கண்ணா" என்றேன். ஷாப்ட் சுற்ற ஆரம்பித்தது. முள் வெடுக்கு வெடுக்கென்று ஏறியது. எல்லாம் அண்ணன் கைதான். பார்க்கக்கூடாது என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், பிறகு திரும்பிப் பார்த்தேன். நாள் முழுக்க அப்படித்தான் போயிற்று.

விளக்கு வைக்கிற நேரத்தில் முள் இறங்கியது. மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது. திரும்பவும் மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது.

நான் எதையும் யோசிக்கவில்லை. என் கை தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டது. எண்ணெய் தடவி, மாவை ஊற்றி, அது வெந்து ஓரம் எழும்பிய பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அதுவரைக்கும் ஊராருக்காகத்தான் அழுதிருக்கிறேன் என்று நினைக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்காக அழுதேன். மகன் வந்து பார்த்துவிட்டு, அந்தத் தோசையை எடுத்துச் சாப்பிட்டான்.

மேஸ்திரி அண்ணன் அன்று தெருப்பக்கமாகவே போய்விட்டார். அவருக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருந்ததா? மூலை மிஷின் பக்கம் என் வீட்டுக்காரர் தினமும் போய் நிற்பதைப் பார்த்துப் புரிந்துகொண்டிருந்தாரா? ஒரே தள்ளாகத் தள்ளுகிற மனுஷன் அன்று ஏன் மெல்லத் தள்ளினார்? அதற்குப் பிறகு பல வருஷம் அவர் எங்களிடம் இருந்தார். ஒரு நாளும் முள் அப்படி ஆடவில்லை. நானும் ஒரு நாளும் கேட்கவில்லை. பெல்ட் நழுவிவிட்டதுங்க தாயி என்று அவர் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

இப்போது கம்பெனி நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருக்கிறது. மகன் ஆபீஸில் உட்கார்ந்தபடியே எந்த மிஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறான். அளவு மீறினால் அதுவே செல்போனுக்குச் செய்தி அனுப்புமாம். என்னை அழைத்துப்போய்க் காட்டினான். பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஓடின, நன்றாகத்தான் இருந்தது. இதில் யார் கை என்று தெரியுமா கண்ணு என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை.

நல்லூர் வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். மீட்டருக்கு இப்போது கரண்ட் கிடையாது. வெள்ளையடிக்க ஆள் வந்தால் அதை மட்டும் தொடக்கூடாது என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன். என் நெற்றியில் இருந்ததைக் கருமாதியன்று அழித்தவர்களுக்கு, சமையற்கட்டில் இன்னொரு பொட்டு இருப்பது ஞாபகம் வரவில்லை. அது இன்னும் அந்தக் கண்ணாடியில் இருக்கிறது, கொஞ்சம் கறுத்துவிட்டது. முள் பூஜ்ஜியத்தை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் சாயங்காலத்தில் அதை ஒரு முறை நிமிர்ந்து பார்க்காமல் தோசைக்கல்லை அடுப்பில் போட இன்றுவரை என்னால் முடிந்ததில்லை.